ஈந்து மரத்தை அடையாளம் கண்டு வளர்ப்பது எப்படி

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இருக்கும் நமக்கு முதல் குழப்பமே பெயரில்தான். தமிழில் ஈந்து என்றால் ஈச்சை. மலையாளத்திலும் பேரீச்சம்பழம் ஈந்தப்பழம்தான், ஆனால் மலையாளிகள் ஈந்து என்று காட்டும் மரம் வேறு, இங்கே சொல்லப்போவது அந்த மரத்தைப் பற்றித்தான். பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும் பனை கிடையாது, சைகஸ் (Cycas) என்ற தாவர வகை, பூவே பூக்காது.

புது ஓலை விடும்போது பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சிற்றிலையும் பெரணிக் குருத்து போலச் சுருண்டிருந்து விரியும், நடுவில் ஒரே நரம்பு ஓடும். ஈச்சையில் சிற்றிலை தோணி மாதிரி மடிந்து, நுனி குத்தும். ஈந்து என்று கேட்டு ஒரு நர்சரியில் நான் வாங்கி வந்தது ஜப்பான் சைகஸ். அதன் இலை விறைப்பாக, ஓரம் கீழே சுருண்டிருக்கும். நம்மூர் ஈந்துக்கு இலை தட்டை.

ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். ஆண் மரத்தின் உச்சியில் நீளமாக ஒரு மகரந்தக் கூம்பு வரும், நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது அதன் செதில்கள்தான், அதற்காகக் கூம்பை வெட்டி வெட்டியே காட்டில் விதை பிடிப்பது குறைந்துகொண்டு போகிறது. ஏற்கெனவே அழியும் நிலையில் உள்ள இனம் என்பதால் காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வராதீர்கள். தெரிந்தவர் தோட்டத்துப் பெண் மரத்தில் மஞ்சளாகப் பழுத்த விதை போதும், இல்லாவிட்டால் தண்டில் முளைக்கும் பக்கக் கன்று.

விதையின் சதையை உரசி எடுத்துவிட்டு, மணல் கலந்த மண்ணில் பாதி மட்டும் புதையும்படி படுக்கவையுங்கள். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், தினமும் தோண்டிப் பார்க்க வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கல் கிடக்கும் சரிவுகளில், மர நிழலில் வளரும் செடி இது, அதனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மண்ணின் மேலாகப் பவளம் மாதிரி முண்டு முண்டாக வேர் தெரிந்தால் நோய் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். உள்ளே இருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது.

விதை விஷம். மலபாரில் இதை வெட்டிக் காயவைத்து, பல முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து மாவாக்குகிறார்கள், அந்தப் பக்குவம் கைவராதவர்கள் முயல வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் கீழே விழும் விதையை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

அப்புறம், குருத்து விரியும் நாட்களில் ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும். தினமும் பார்த்துப் புழுவைக் கையால் எடுங்கள். விட்டால் மொத்தக் குருத்தையும் தின்றுவிடும், அடுத்த ஓலைக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதுதான்.