மஜ்ஜை மாற்றிய பிள்ளையை வைக்கோல் போர் இருக்கும் வீட்டுக்கு அழைத்து வருவது

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். இளையவன் நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்தான். டாக்டர்கள் ‘ஸ்கிட்’ என்பார்கள். ஏழாவது மாதத்தில் அவன் அக்காவின் மஜ்ஜையை, அதாவது எலும்புக்குள் ரத்த அணுக்கள் உருவாகும் மென்மையான பகுதியை, ஏற்றினோம். கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த 4-ல் 1 வாய்ப்புதான், எங்களுக்கு அமைந்தது. ‘எத்தனை தையல்?’ என்று ஊரே கேட்டது. தையலே இல்லை. அவளுக்கு மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். இவனுக்கு ரத்தம் ஏற்றுவதுபோல் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

வெள்ளையணு ஏற மூன்று வாரம். அதில் கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகையான டி அணுக்கள் தேறப் பல மாதம். அதனால் டிஸ்சார்ஜ் ஆனதுமே ஊருக்குக் கிளம்பாதீர்கள். முதல் 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஓட வேண்டும்.

வீட்டில் முதல் எதிரி வைக்கோல். ஈரம் பட்ட போரில் பூஞ்சை பிடிக்கும். உருவும்போது அதன் வித்து காற்றில் பறந்து நுரையீரலில் இறங்கும். எங்கள் போர் கொல்லைக் கதவை ஒட்டி இருந்தது. மாமனாரிடம் பேசிக் களத்துக்கு மாற்றவே ஒரு வாரம் ஆனது, மாட்டுக்குத் தினம் யார் தூக்கி வருவது என்று அவருக்குக் கோபம். சம்பா அறுவடைத் தூசி அடங்கட்டும் என்று பங்குனியில்தான் வந்தோம். வாசலுக்குச் சாணம் தெளிப்பதை நிறுத்தினோம். பழையது, உறை ஊற்றிய தயிர், கோயில் தீர்த்தம் எதுவும் அவனுக்கு இல்லை. கொதித்து ஆறிய நீர், அப்போது வடித்த சோறு.

பலர் மறப்பது ஒன்று: அக்காவுக்குப் போலியோ சொட்டு மருந்து வேண்டாம். அதில் உயிருள்ள கிருமி. மலம் வழியே இவனுக்கு வரலாம். முகாமுக்கு முன்பே கிராம நர்ஸம்மாவிடம் டாக்டர் சீட்டைக் காட்டி, ஊசி மருந்து கேளுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்கால், காதோரம் சிவந்தால் வேர்க்குரு என்று சந்தனம் பூசிவிடாதீர்கள். வந்த அணுக்கள் பிள்ளையின் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்குவதாக இருக்கலாம். கூடவே பேதியும் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். என் மாமியார் சந்தனக் கல்லை எடுத்துவிட்டார். நான் போனை எடுத்தேன்.