ஒப்பந்தத்தில் 40 மில்லிசெகண்ட், அழைப்பில் 600

எங்கள் அலுவலகத்தின் இணையவழித் தொலைபேசியில் தினமும் மாலை நான்கு மணிக்குப் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டது. கேபிளையும் ரவுட்டரையும் மாற்றியதில் மூன்று நாள்கள் வீணாயின. தரவு போய்வர ஆகும் தாமதம் 40 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை என்றே சேவை நிறுவனம் சொன்னது. ஒப்பந்தத்தை மீண்டும் படித்தபோதுதான், அந்த அளவு அவர்களது ரவுட்டர்களுக்கு இடையே எடுக்கப்படும் மாதச் சராசரி என்பதும், எங்கள் இணைப்பு நிரம்பியிருக்கும் நேரம் அதில் சேராது என்பதும் தெரிந்தன. கையெழுத்திடும் முன்பே படித்திருக்க வேண்டிய வரிகள் அவை.

அந்தத் தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை நாள் முழுவதும் ஓடவிட்டேன். இணைப்பு ஓய்ந்திருக்கையில் 12 மில்லிசெகண்ட். மாலை நான்கு மணிக்கு எங்கள் கோப்புகளின் காப்புநகல் பதிவேறத் தொடங்கியதும் 600. ஆனால் ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு தரவுத் துண்டுகூட, தொலையவில்லை. எல்லாம் மோடத்தின் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. மோடத்தில் வரிசை சேராதபடி, பதிவேற்ற வேகத்தை ரவுட்டரிலேயே இணைப்பின் திறனில் 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தி, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்கியூ கோடெல் வரிசைமுறையை இயக்கியதும், காப்புநகல் ஓடும்போதே தாமதம் 20க்குள் நின்றது. பெரும் நிம்மதி.