மாத்திரையை மிச்சம் பிடிக்காதீர்கள்: வலி நிவாரணத் தொண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், புதிதாகச் சேர்ந்த இரண்டு தன்னார்வலர்களோடு முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் கிடந்தவர் வாய்ப்புற்றுநோய் முற்றிய பெரியவர். அவருடைய மனைவி சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றியபடியே எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது புதியவர்களில் ஒருத்தி, அண்மையில் பட்டப்படிப்பு முடித்த பெண், மிகுந்த பரிவோடு அந்த அம்மாவிடம், “மார்ஃபின் வீரியமான மருந்து பெரியம்மா, வலி தாங்க முடியாம இருக்கும்போது மட்டும் குடுங்க” என்றாள். ஏறத்தாழ இதே சொற்களைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் களக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேரத்துக்குப் போவது, கை கழுவுவது, நோயாளியைப் படம் எடுக்காமல் இருப்பது ஆகியவற்றைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது

“மூணு நாளா பச்சத்தண்ணி இறங்கல” என்று வீட்டார் அழும்போது, ஒரு கரண்டி கஞ்சியாவது புகட்டிவிட நம் கை பரபரக்கும். கடைசி நாட்களில் உடல் ஓய்ந்துவருவதால்தான் பசி அடங்குகிறது. ஊட்டி உடலை மீட்க முடியாது. அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் புகட்டும் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கும். அதற்குப் பதிலாக, சுத்தமான பருத்தித் துணியை நனைத்து வாயின் உள்புறத்தை மெல்லத் துடைக்கவும், உலர்ந்த உதட்டில் வெண்ணெய் தடவவும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் கைக்கும் ஒரு வேலை வேண்டும். உறவுகள் பால் ஊற்ற வந்தால் தடுத்து நிற்க வேண்டாம். தலையைச் சற்று ஒருக்களித்து, உதட்டை நனைக்கும் அளவுக்கு ஒரு துளி போதும் என்று செய்து காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்.

நோயாளிக்குத் தெரியாது என்று நம்புவது

வாசலிலேயே மகன் வழிமறித்து, “அப்பாவுக்கு அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம், நீங்க எதையும் சொல்லிராதிய” என்பார். நோயின் பெயரை நாமாகச் சொல்வது தவறு. அந்தப் பொய்க்கு நம் பங்காக இன்னொரு பொய்யைச் சேர்ப்பதும் தவறு. சேரன்மகாதேவியில் ஒரு பெரியவர், மகன் கடைக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்: “அல்சருக்கு எவன்டே கரண்டு வைப்பான்?” கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அலைந்த நாட்களிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகன் நொந்துபோவான் என்று அவர் மகனிடம் மறைத்தார். அப்பா நொந்துபோவார் என்று மகன் அவரிடம் மறைத்தார். இப்படிப்பட்ட வீட்டில் “உங்களுக்கு உடம்பு எப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதைச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அப்பாவையும் மகனையும் உட்காரவைத்துப் பேசுவது அவர்கள் வேலை.

நாட்டு மருந்து

எதையும் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

புண்ணின் வாடை

மூக்கைப் பொத்தாதீர்கள். வாடைக்கு மருந்து உண்டு. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாட்களில் வாடை நன்றாகக் குறைந்துவிடும் என்பதைச் செவிலியர் அறிவார். நீங்கள் அவருக்குத் தகவல் சொன்னால் போதும்.

வலி வந்த பிறகு கொடுக்கச் சொல்வது

களக்காட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. மருமகள்தான் கவனித்துக்கொண்டார். மருத்துவர் எழுதிக்கொடுத்தது பத்து மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை: காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொன்று, நடு இரவில் எழுப்பாமல் இருக்க இரவு பத்து மணிக்கு மட்டும் இரண்டு. நாளுக்கு ஆறாக, ஒரு வாரத்துக்கு 42 மாத்திரைகளைச் செவிலியர் எண்ணிக் கொடுத்தார். அவர் வண்டியில் ஏறிய பிறகு, நான் மட்டும் திரும்பிப் போய் அந்த மருமகளிடம் என் சொந்த அறிவுரையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது அவர் உள்ளேயிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துவந்து, “பாருங்க தம்பி, எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கேன்” என்று பெருமையோடு காட்டினார். எண்ணிப் பார்த்தேன். 31 இருந்தன. ஏழு நாட்களில் ஆச்சிக்குப் போனவை பதினொன்றுதான். கட்டிலில் விரித்திருந்த கோரைப்பாயின் ஓரம், ஆச்சியின் வலது கை எட்டும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது. வலி பொறுக்காமல் இரவெல்லாம் ஒவ்வொரு கோரையாகப் பிய்த்திருக்கிறார். மருமகள் தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் கிடந்திருக்கிறார்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒன்றின் பலன் வடிவதற்குள் அடுத்தது உள்ளே போனால்தான் வலி தலைதூக்காது. முழுதாக எழுந்துவிட்ட வலியை அடக்க அதிக மருந்தும் அதிக நேரமும் வேண்டும். அதற்குள் நோயாளி அடுத்த வலியை எண்ணியே அஞ்சத் தொடங்கிவிடுவார். புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, வலியின் அளவுக்கு ஏற்ப மருந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வகுத்துவிட்டது. நேரம் பார்த்துக் கொடுக்கும்போதும் இடையில் வலி எழுந்தால் கூடுதலாக எவ்வளவு தரலாம் என்பதையும் மருத்துவரே சொல்லியிருப்பார்.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு கடும் உரிம விதிகளால் மருத்துவத்துக்கான மார்ஃபினே அரிதாகிவிட்டது. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அதைக் கண்ணால் பாராமலே படித்து முடித்த மருத்துவர்களும் உண்டு. ஆகவே, பழகிப்போகும், மார்ஃபின் கொடுத்தால் முடிந்தது கதை என்ற பேச்சுகள் ஊரில் இன்னும் உலவுகின்றன. வலிக்குத் தக்க அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அது போதைக்கு அடிமையாக்குவதும் அரிது, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. உண்மையான தொல்லை மலச்சிக்கல். அதற்காகக் கூடவே கொடுக்கும் மலமிளக்கியையும் விட்டுவிடக்கூடாது.

இத்தனையும் அந்த மருமகளுக்குச் செவிலியர் விளக்கியிருந்தார். ஆனாலும் அவர் கேட்டது என் பேச்சை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. மருத்துவரை அவர்கள் மாதம் ஒருமுறை பார்க்கிறார்கள். நாமோ வாராவாரம் போய்த் தரையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கிறோம். கோழிக்கோட்டில் 1993இல் ஒரு வலி நிவாரண மருத்துவமனையாகத் தொடங்கி, அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கிக் கேரளம் முழுக்கப் பரவிய முறையின் பலம் இந்த நம்பிக்கைதான். அதே நம்பிக்கையால்தான் நாம் போகிற போக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் மருத்துவச் சீட்டை வென்றுவிடுகிறது.

அளவைப் பற்றி வாய் திறக்காதீர்கள். போனதும் “நேத்து ராத்திரி தூங்கினாங்களா?” என்று கேளுங்கள். மாத்திரைகளை எண்ணுங்கள். கணக்கைவிட மிச்சம் இருந்தால் அது நல்ல செய்தி ஆகாது. அங்கிருந்தபடியே செவிலியருக்குப் போன் செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சைக்குச் செவிலியர் வீடு தேடி வருவதால், முன்பைவிட இப்போது கேட்க ஆள் உண்டு. கடிகாரம் பார்க்கத் தெரியாத வீட்டில் முதல் பஸ், பள்ளிக்கூட மணி, பள்ளிவாசல் பாங்கு என்று அந்த வீட்டுக்குப் பழகிய ஓசைகளோடு மாத்திரை நேரத்தை இணைத்துவிடுங்கள்.

பணம்

கையில் கொடுக்காதீர்கள். தேவையைக் குழுவிடம் சொல்லுங்கள்.

பதினாறோடு நின்றுவிடுவது

நம் பக்கம் துட்டி கேட்க வருகிற கூட்டம் பதினாறாம் நாள் விசேஷத்தோடு கலைந்துவிடும். தன்னார்வலர்களும் அதோடு அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பந்தல் பிரித்து, கடன்காரர் வந்துபோய், கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றிய பிறகுதான் அந்த வீட்டில் பேச ஆள் இல்லாமல் போகிறது. நாற்பது நாள் கழித்துப் போங்கள். முதல் பொங்கலுக்குப் போங்கள். “கல்யாணச் சாவு”, “கொடுத்து வச்சவங்க” என்பதையெல்லாம் உறவுகள் சொல்லியிருப்பார்கள், நாம் சொல்ல வேண்டியதில்லை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு எனத் துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று விளக்கவும் வேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பெற்ற அனுபவத்திலிருந்துதான். இழந்தவர் எல்லாரும் அந்த வரிசையில் ஏறி இறங்குவதில்லை.

ஆச்சி இறந்து நாலைந்து மாதம் கழித்து நான் போனபோது, அந்த மருமகள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ஒரு வாரம் மாத்திரைய ஒழுங்கா குடுத்திருந்தா அத்தைக்கு அப்படி வலிச்சிருக்காதுல்லா தம்பி?” என்று கேட்டார். “அப்படிக் கொடுக்கச் சொன்னது நான்தான், தப்பு என்னோடது” என்றேன். அவர் நம்பவில்லை; தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அதையே சொல்வதற்காக இன்னும் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவர் ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் அழுதார்.

மீந்த மாத்திரைகள்

இறப்புக்குப் பின் வீட்டில் இருக்கும் மார்ஃபினை எண்ணி வாங்கிச் செவிலியரிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதவையுங்கள்.