தோட்டத்துப் பறவைகளைப் படம் எடுக்கலாம்: தண்ணீர்த் தட்டிலிருந்து தொடங்குவோம்

தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் தண்ணீர்த் தட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது, அதன் பின்னால் என்ன தெரிகிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, இந்த மூன்றும் அமைந்துவிட்டால் 300 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம் லென்ஸே தாராளம். அமையாவிட்டால் எவ்வளவு பெரிய லென்ஸும் பின்னால் இருக்கும் குழாயையும் கொடித்துணியையும் பறவையோடு சேர்த்தே காட்டும்.

ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் உங்கள் கேமராவில் எங்கே மாற்றுவது என்று தெரியும் என வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. தண்ணீரும் தீனியும்

தானியம் வைத்தால் தானியம் தின்னும் பறவைகள்தான் வரும்: சிட்டுக்குருவி, சில்லை, புறா. சின்னான், குண்டுக்கரிச்சான், தேன்சிட்டு போன்றவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே அரிது. தண்ணீர் எல்லாவற்றுக்கும் வேண்டும். அதனால் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் தண்ணீர் வையுங்கள்.

தட்டு ஆழமாக இருக்கக் கூடாது. ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் அதிகம் போனால் 5 செ.மீ. போதும். சுட்ட மண் தட்டுதான் என் தேர்வு. சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது, படத்திலும் கண்ணை உறுத்தாது. வழவழப்பான பீங்கானோ பிளாஸ்டிக்கோ என்றால் நடுவில் ஒரு தட்டையான கல்லை வையுங்கள்.

தண்ணீர் அசைந்தால் பறவைகளுக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் துளையிட்டுத் தட்டுக்கு மேலே தொங்கவிடுங்கள். மூடியைத் தளர்த்தினால் வேகமாகச் சொட்டும், இறுக்கினால் நின்றுவிடும். சூரிய ஒளியில் ஓடும் குட்டி நீரூற்றுகளும் கிடைக்கின்றன. பேட்டரி இல்லாத வகை மேகம் வந்ததும் நின்றுவிடுகிறது, காற்றடித்தால் தண்ணீரை வெளியே இறைத்துத் தட்டையே காலி செய்கிறது. எனக்குச் சொட்டும் பாட்டில்தான் சரிப்படுகிறது.

தீனிக்குச் சிறுதானியம், சூரியகாந்தி விதை, பழத்துண்டு ஏற்றவை. உப்புப் போட்டது, பொரித்தது, ரொட்டித் துண்டு வேண்டாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வைக்கவே கூடாது. அதில் உருவாகும் அஃப்ளடாக்சின் பறவைகளைக் கொல்லக்கூடிய நஞ்சு. ஒரே நாளில் தின்று தீர்க்கும் அளவுதான் வைக்க வேண்டும்.

2. இடம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பறவைகளும் வருகின்றன, ஃபோகஸும் சரியாக இருக்கிறது, ஆனாலும் படம் என்னவோ போல இருக்கிறது. ஏன் என்பது எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. காரணம் தட்டின் உயரம்.

தட்டு தரையில் இருக்கிறது, நீங்கள் நின்றுகொண்டு எடுக்கிறீர்கள் என்றால் லென்ஸ் கீழ்நோக்கிப் பார்க்கிறது. அப்போது பறவையின் பின்னணி என்பது அதற்கு அரையடி, ஓரடி பின்னால் கிடக்கும் மண். பறவைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் எதையும் லென்ஸால் போதுமான அளவு மங்கலாக்க முடியாது. ஒவ்வொரு சருகும் கூழாங்கல்லும் பறவையோடு போட்டி போடும். அதே தட்டை நீங்கள் உட்காரும்போது லென்ஸ் இருக்கும் உயரத்துக்கு, ஏறக்குறைய 1 மீட்டருக்கு, ஒரு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். இப்போது லென்ஸ் நேராகப் பார்க்கிறது. பின்னணி 8 மீட்டர் தள்ளியிருக்கும் வேலிச்செடிக்குப் போய்விடுகிறது, அந்த வேலி முழுக்க மென்மையான பச்சையாகக் கரைந்துவிடுகிறது. அதே கேமரா, அதே லென்ஸ்தான். பறவையின் கண்ணுக்கு நேராகப் பார்க்கும் கோணமும் இதனாலேயே கிடைத்துவிடுகிறது. ஸ்டாண்ட் வைக்க முடியாவிட்டால் நீங்கள் தரையில் படுத்து எடுங்கள். விளைவு ஒன்றுதான்.

அப்புறம் பக்கவாட்டு நகர்வு. பறவை உங்களிடமிருந்து 4 மீட்டரில், பின்னணி 12 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்காலியை 30 செ.மீ. இடப்பக்கம் நகர்த்தினால், பறவைக்குப் பின்னால் தெரியும் இடம் 60 செ.மீ. வலப்பக்கம் நகரும். பளிச்சென்ற ஒரு வெள்ளைச் சுவர்த் துண்டு தொந்தரவு செய்தால், தோட்டத்தை மாற்றி அமைக்க வேண்டியதில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும். பறவை இல்லாத நேரத்தில் தட்டின் விளிம்பில் ஒரு பாட்டில் மூடியை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

எவ்வளவு தூரத்தில் உட்காருவது? ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால், 4 மீட்டரில் சுமார் 31 செ.மீ. அகலம்தான் ஃபிரேமுக்குள் வரும். 15 செ.மீ. நீளப் பறவை ஏறக்குறைய பாதியை நிரப்பிவிடும். அதற்கும் நெருங்கிப் போனால் பறவை இறக்கை விரிக்கும்போது நுனி வெட்டுப்படும்.

பறவையின் பாதுகாப்பையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். ஆபத்து என்றால் பறந்து ஒளிய 2 அல்லது 3 மீட்டர் தூரத்தில் ஒரு புதரோ மரமோ வேண்டும். தட்டை ஒட்டியே புதர் இருக்கக் கூடாது, பூனை அதற்குள் பதுங்கும். நனைந்த பறவையால் சட்டென்று எழும்ப முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

3. ஒரு காய்ந்த குச்சி

தட்டுக்கு அரை மீட்டர் தள்ளி ஒரு காய்ந்த கிளையை நட்டு வையுங்கள். பெரும்பாலான பறவைகள் நேரே தட்டில் இறங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டம் விட்டுவிட்டுத்தான் வரும். குளித்த பிறகும் அதே கிளைக்குப் போய்ச் சிலிர்த்து, இறகு கோதும். என் மனதுக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை இந்தக் கிளையில் எடுத்தவை. ஃபீடர், அதாவது தீனி வைக்கும் கலம், என்றாலும் இதே உத்திதான். கம்பியும் பிளாஸ்டிக்கும் படத்தில் வராமல் இயல்பான கிளை மட்டும் வரும். கிளை உங்களுக்குக் குறுக்காக நீண்டிருக்கட்டும். உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பாதி மங்கும்.

4. காத்திருப்பு

தட்டு வைத்த கையோடு கேமராவை எடுக்காதீர்கள். பறவைகள் தயக்கமில்லாமல் வந்து போகும்வரை விடுங்கள். அந்த நாட்களில் டிரைபாடை ஒரு மங்கிய துணியால் போர்த்தி, நீங்கள் உட்காரப்போகும் இடத்திலேயே நிறுத்தி வைத்தால் அதுவும் அவற்றுக்குப் பழகிவிடும்.

கண்ணாடி ஜன்னல் வழியாக எடுப்பதானால் அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், நேர்க்கோணத்தில் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் படம் குழம்பும்.

பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பது எனக்கு உடன்பாடில்லாத வழி. வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துப் பதறி ஓடி வருகிறது அது. தண்ணீர் சொட்டினாலே போதுமான அளவு வரும்.

5. கேமரா அமைப்பு

மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. ஷட்டரும் அபெர்ச்சரும் நம் கையில், மாறும் வெளிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ உச்சவரம்பு 3200, புதிய கேமரா என்றால் 6400. அபெர்ச்சர் எஃப் 5.6 முதல் 8 வரை.

ஷட்டர் வேகம் பறவையின் வேலையைப் பொறுத்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் 1/500 நொடி, கொத்தித் தின்றால் 1/1000, குளித்தால் 1/2000. அப்போதுதான் தண்ணீர்த் துளிகள் தனித்தனி முத்தாக நிற்கும். பறக்கும்போது என்றால் 1/3200. வேகத்தைக் கூட்டினால் ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளிகள் வருமே என்று பயப்பட வேண்டாம். புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், பறவை அசைந்து கலங்கிய படத்தை நன்றாகச் சரிசெய்வது அரிது.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். விலங்குக் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஒற்றைச் சிறு புள்ளி. தட்டின் விளிம்பு பளிச்சென்று இருப்பதால் அகலமான ஃபோகஸ் பகுதி அதையே பிடித்துக்கொள்ளும்.

குளியல் படங்களில் கண் பாலேறியது போல வெளுத்துத் தெரிந்தால் கேமராவில் கோளாறு இல்லை. பறவைகளுக்கு மூன்றாவதாக ஓர் இமைப்படலம் உண்டு. தண்ணீர் தெறிக்கும்போது அது கண்ணை மூடிக்கொள்கிறது. பர்ஸ்டில் தொடர்ச்சியாக எடுத்தால் கண் திறந்த ஒரு படமாவது தேறும்.

வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் காலை நேரமே நல்லது. கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி விழும், பறவை உயிரோடு தெரியும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? தட்டுக்குப் பக்கத்தில் சிறிய ஸ்டாண்டில் நிறுத்தி, 4கே வீடியோவாக ஓடவிட்டு விலகிவிடுங்கள். பிறகு பிடித்த காட்சியைப் படமாகப் பிரித்தெடுக்கலாம். ஒவ்வொன்றும் 80 லட்சம் பிக்சலுக்குக் குறையாது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

கொசு வராதா என்று பலர் கேட்டார்கள். வெயில் காலத்தில் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். 2 நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றினால் அது நடக்காது. ஆனால் மாற்றுவது மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டைகளைப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும், அதனால் பிரஷ் போட்டுத் தேய்த்தாக வேண்டும்.

புறாக்கள் வந்து எல்லாவற்றையும் காலி செய்வதாக ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். சிட்டுக்குருவி நுழையக்கூடிய, புறா நுழைய முடியாத இடைவெளியுள்ள கம்பிக் கூண்டுக்குள் தீனியை வையுங்கள்.

ஒரு குருவி இறகைப் புசுபுசுவென்று விரித்துக்கொண்டு, ஆள் அருகே போனாலும் நகராமல் தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது நோய்ப்பட்ட பறவையாக இருக்கலாம். சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் தட்டு வழியாக மற்றப் பறவைகளுக்கும் பரவும். தீனி, தண்ணீர் இரண்டையும் 2 வாரத்துக்கு எடுத்துவிடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து தட்டுகளைக் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காயவைத்த பிறகே திரும்ப வையுங்கள். நோய் இல்லாதபோதும் 2 வாரத்துக்கு ஒருமுறை இதே கழுவல் நல்லது.

தையல்சிட்டும் தேன்சிட்டும் தட்டுக்கு வருவதே இல்லை என்பது கடைசியாக வந்த கேள்வி. இவை ஈர இலைகளில் உடம்பைத் தேய்த்தும் குளிக்கும். அகலமான இலையுள்ள செடி ஒன்றின் மீது காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். இலைகளுக்குள் நிழல் அதிகம், அதனால் ஷட்டரை 1/1000-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை ஏறவிடுங்கள். ஃபோகஸ் முன்னால் இருக்கும் இலைகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் புள்ளிதான் இங்கே கைகொடுக்கும்.