சாத்தல்ஹோயுக்கில் குடியேறுவது எப்படி: முதலில் ஏணி ஏறப் பழகுங்கள்

துருக்கியின் கொன்யா சமவெளியில், கி.மு. 7100 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜனங்கள் குடியிருந்த ஊர் இது. காலயந்திரம் கிடைத்து அங்கே போய் இறங்கினால் நீங்கள் செய்யப்போகும் முதல் தப்பு, வாசலைத் தேடுவதுதான். வாசல் கிடையாது, தெருவும் கிடையாது. மண்செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். அதனால் கூரைகள் மேல்தான் நடை. உங்கள் கூரையில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து ஏணி வழியாக உள்ளே இறங்க வேண்டும்.

ஏணியைப் பார்த்தபடி, மெதுவாக இறங்குங்கள். அதன் பக்கத்திலேயே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், புகை வெளியேறுவதும் அதே ஓட்டை வழியாகத்தான். எரிபொருளில் சாணமும் உண்டு, கண் எரிச்சலுக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே தோண்டி எடுத்த வயதானவர்களின் விலா எலும்பின் உட்புறத்தில் கரி படிந்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலோ மழையோ ரொம்பப் படுத்தாத நாளில் எந்த வேலையையும் கூரைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

சரி, சமையல். பக்கத்து அறையில் இருக்கும் மண் குதிரிலிருந்து தானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எம்மர் கோதுமை என்றால் கதிரடித்தாலும் உமி விடாது, அதனால் முதலில் குத்தி, புடைத்து, அப்புறம்தான் அரைக்க வேண்டும். மண்டியிட்டு உட்கார்ந்து அம்மிக்கல்லில் கல்லை முன்னும் பின்னும் தள்ளுகிற வேலை இது. கை பலத்தை நம்பாதீர்கள், உடம்பின் எடையை முன்னால் சாய்த்துத் தள்ளினால்தான் மாவாகும். சிரியாவின் அபு ஹுரேரா என்ற இன்னொரு பழைய ஊரில், இப்படியே உட்கார்ந்து அரைத்த பெண்களுக்குக் கால் பெருவிரல் மூட்டும் முதுகும் தேய்ந்திருந்தன. ஆகவே வீட்டில் யாராவது சும்மா இருந்தால் கூச்சப்படாமல் கல்லைக் கையில் கொடுத்துவிடுங்கள். பருப்பு வேகவைக்கப் பானை எங்கே என்று கேட்காதீர்கள், அதெல்லாம் பிற்காலத்தில்தான். அதுவரை களிமண் உருண்டைகளைச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் சமையல்.

அடுப்புப் பக்கம் சாம்பலும் குப்பையுமாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் எதிர்ப்பக்கம் இருக்கும் வெள்ளைத் திண்ணைகளில் எதையும் சிந்தாதீர்கள். பாய் விரித்துப் படுப்பது அங்கேதான், வீட்டில் இறந்தவர்களைப் புதைப்பதும் அந்தத் திண்ணைகளுக்கு அடியில்தான்! முழங்காலை மார்போடு மடக்கி வைத்துப் புதைத்துவிட்டு மேலே மறுபடி பூசிவிடுவார்கள். பூச்சு வேலைக்குத் தயாராகவே இருங்கள், சில சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருக்கின்றன.

கத்திக்கு அப்சிடியன், அதாவது எரிமலைக் கண்ணாடி. 100 கி.மீ.க்கு அப்பால் கப்படோக்கியாவிலிருந்து வருகிற சரக்கு என்பதால் வீணாக்காதீர்கள். மிச்சத்தை அடுப்புக்கருகே தரைக்கடியில் புதைத்து வைப்பது ஊர் வழக்கம். குப்பைக்கு வீடுகளுக்கு நடுவே காலி இடம் உண்டு, கழிப்பறையும் அதேதான்.

வீடு பழசாகிவிட்டால் (எழுபது, எண்பது வருஷம் தாங்கும்) வேறு மனை தேட வேண்டாம். சுத்தம் செய்து, மேல்சுவரை இடித்து, உள்ளே மண்ணை நிரப்பி அதே இடத்தில் மேலே கட்டுங்கள். நிரப்புவதற்கு முன்னால் தூண் மரங்களை மறக்காமல் உருவி எடுத்து வையுங்கள், புது வீட்டுக்கு ஆகும்.