இறந்தது ஒருவர், இடம் மாறுவது எல்லோரும்: இளையோருக்குத் துக்க நாவல் எழுத

இளையோர் நாவல்களின் கைப்பிரதிகளைச் செப்பனிடுவது என் வேலை. வருகிறவற்றில் துக்கக் கதைகள் நிறைய. பல கதைகள் மருத்துவமனை வராந்தாவில்தான் தொடங்கும். கருவியில் கோடு நேராகும், யாராவது சுவரில் சாய்ந்து சரிவார்கள், அப்புறம் கடைசிப் பக்கம் வரை அழுகை. பாத்திரம் அழுதால் வாசகரும் அழுதுவிடுவார் என்று எழுதுகிறவர் நம்புகிறார். பதினைந்து வயது வாசகர் இரண்டாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

ஒருவர் போனபின் மிச்சமிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறார்கள்? நாவல் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அதனால் முதல் வரிக்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். ஓர் உதாரணம்: பதினாறு வயதுப் பெண். பத்தொன்பது வயது அண்ணன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். வீட்டில் அம்மா, அப்பா. வெளியே அண்ணனின் நண்பன் ஒருவன். வீட்டுக்குத் தெரியாமல் அண்ணன் காதலித்த பெண் ஒருத்தி. இவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, அண்ணன் இருந்தபோது அந்த இருவருக்கும் நடுவில் அவன் செய்த வேலை என்ன என்று எழுதுங்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தால் சமாதானம் பேசியவன் அவன். அப்பாவிடம் பணம் கேட்டு வாங்கித் தந்தவனும் அவன்தான். இனி இந்த வேலைகளை யார் செய்வார்கள்? யாரும் செய்யவில்லை என்றால் எது உடையும்? தாளில் இதற்கெல்லாம் பதில் விழுந்துவிட்டால் பாதிக் கதை கைக்கு வந்துவிட்டது.

அந்தக் காதலியைக் கவனியுங்கள். சாவு வீட்டில் அவளுக்கு இடமில்லை. கூட்டத்தில் யாரோ ஒருத்தியாக நின்றுவிட்டுப் போக வேண்டும். ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைத் தனியாகப் பிரித்துப் பேசி, 1989இல் ஒரு நூலே தொகுத்தார் துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா. அவளும் தங்கையும் சந்திக்கும் காட்சி உங்கள் நாவலின் மிக நல்ல காட்சியாக அமையலாம். அவனை அதிகம் தெரிந்தவள் யார் என்று இரண்டு பேரும் உள்ளுக்குள் போட்டி போடுவார்கள். துக்கத்தில் பொறாமை உண்டு. அதை மறைக்காதீர்கள்.

சாவுக்குச் சில வாரம் கழித்துக் கதையைத் தொடங்குங்கள். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பியிருப்பார்கள், பள்ளிக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்திருக்கும். வகுப்பில் எல்லாரும் ஒரே நொடியில் பேச்சை நிறுத்துவது பதினாறு வயதுக்குப் பெரிய தண்டனை.

அடுத்தது, துக்கத்துக்கு என்று எல்லாரும் சொல்லும் அந்த ஐந்து கட்டங்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று அத்தியாயம் பிரித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் இவை வருகின்றன. அவர் பேசியது சாகப்போகும் நோயாளிகளோடு. யாரையோ இழந்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு அது கால அட்டவணை ஆகாது. நாவலாசிரியருக்கு அதைவிட உதவுவது மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்கிறது அது. காட்சிகளையும் அப்படியே அடுக்குங்கள். அண்ணன் அறையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை அடுத்து வேதியியல் தேர்வு வரட்டும், முகப்பரு வரட்டும், தோழியோடு வயிறு வலிக்கச் சிரிப்பதும் வரட்டும். சிரித்தபின் 'எனக்கு எப்படிச் சிரிக்க வந்தது?' என்று அவளுக்கு வரும் கூச்சத்தை எழுதினால் அழுகைக் காட்சிகள் பலவற்றை வெட்டிவிடலாம்.

உணர்ச்சியைப் பொருளில் ஏற்றுங்கள். நான் அடிக்கடி சொல்வது இது: ஒரே பொருள், இரண்டு பேர், இரண்டு நியாயம். அண்ணன் கடைசியாகக் கழற்றிப்போட்ட சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தங்கை தினமும் அதை முகர்ந்து பார்க்கிறாள். ஒரு நாள் அது கொடியில் காய்கிறது.

"சட்டைய ஏம்மா துவைச்ச?"

"அழுக்கா இருந்துச்சு."

இதோடு நிறுத்துங்கள். மகனுக்குக் கடைசியாக ஒரு வேலை செய்தோம் என்று அம்மாவுக்கு. வாசனை போய்விட்டதே என்று மகளுக்கு. இரண்டு பேர் மேலும் தப்பில்லை, ஆனாலும் அடுத்த நாற்பது பக்கத்துக்கு அவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். இதற்குக் கீழே "அவள் நெஞ்சு வெடித்தது" என்று ஒரு வரி வந்தால் என் சிவப்புப் பேனா சும்மா இருக்காது. இன்றைய கதையில் போனும் அப்படி ஒரு பொருள்தான்: திறக்கும் எண் யாருக்குத் தெரியும், குழுவிலிருந்து அவன் பெயரை யார் நீக்குவது, அவன் குரலில் இருக்கும் ஒரு நிமிடப் பதிவை அப்பா ஏன் தனியாகப் போய்க் கேட்கிறார்?

காதல் வரலாம், மருந்தாக மட்டும் வர வேண்டாம். அண்ணனின் நண்பனோடு அவளுக்கு நெருக்கம் வருகிறது என்று வையுங்கள். சாவைக் கழித்துவிட்டால் இந்த இருவருக்கும் பேச ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சாவிட்டால் அதையே சிக்கலாக்கிவிடுங்கள்: அவள் தேடுவது அவனையா, அவனிடம் ஒட்டியிருக்கும் அண்ணனையா?

இறந்தவனைத் தெய்வமாக்காதீர்கள். அவன் தங்கையிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவனாக இருக்கட்டும். கடைசி நாளில் பெரிய சண்டை என்பது தேய்ந்துபோன உத்தி. அற்பமான ஒரு பாக்கி போதும். நினைவுக் காட்சிகளை மொத்தமாகக் கொட்டவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் இன்றைய ஏதோ ஒன்று கூப்பிட வேண்டும். ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் இன்னும் நல்லது.

சாவு தற்கொலை என்றால் கூடுதல் பொறுப்பு உண்டு. மேடைக்கும் திரைக்கும் எழுதுகிறவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கையேடு வெளியிட்டது. நாவலுக்கும் அது பொருந்தும். வழிமுறையை விவரிக்க வேண்டாம், ஒற்றைக் காரணத்தில் கட்டிவிட வேண்டாம், பழிவாங்கலாகவோ தீர்வாகவோ காட்ட வேண்டாம். உதவி கேட்டுப் பெறும் ஒருவராவது கதையில் இருக்கட்டும்.

முடிவில் எல்லாரும் கடிதத்தை எரித்து, பலூனைப் பறக்கவிட்டு, 'போய் வா' சொல்கிறார்கள். தேவையே இல்லை. இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்புதான் என்று கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தொகுத்த நூல் 1996லேயே வந்துவிட்டது. உங்கள் தாளுக்குத் திரும்புங்கள். அதில் ஒரு ஜோடியாவது ஓரடி நகர்ந்திருந்தால் போதும். அப்பாவிடம் அவளே நேரில் பணம் கேட்கிறாள், அவர் எதற்கென்று கேட்காமல் பர்ஸை எடுக்கிறார். அங்கே முடிக்கலாம்.

எழுதியதைப் பெரியவர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். பள்ளி ஆலோசகர் வந்து ஒன்றரைப் பக்கம் ஞானம் பேசுவதைத்தான் அவர்கள் பாராட்டுவார்கள். பதினைந்து, பதினாறு வயதுக்காரர் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். "அழுதாயா?" என்று கேட்காதீர்கள், உங்களுக்காகத் தலையாட்டிவிடுவார்கள். எந்தப் பக்கத்தைப் படிக்காமல் தள்ளினார்கள் என்று கேட்டு, அதை முதலில் வெட்டுங்கள்.