இலக்கக் கூடுதல் எத்தனை முறை வரும்? புரோகிராம் இல்லாமல் எண்ணும் வழி

472-இன் இலக்கக் கூடுதல் 4+7+2 = 13. அதே 13-ஐத் தரும் எண்கள் 0 முதல் 999 வரை எத்தனை? நாலு வரி புரோகிராம் எழுதினால் விடை வந்துவிடும். ஆனால் ஏன் அந்த விடை என்பது பிடிபடாது. அதனால் முதலில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும்தான் என் சிபாரிசு.

1. ஓரிலக்கம். 0 முதல் 9 வரை ஒவ்வொரு கூடுதலும் ஒரு முறை. பத்துக் கட்டங்களில் 1 என்று எழுதிவிடுங்கள்.

2. ஈரிலக்கம். 7 என்பதை 07 என்றே வைத்துக்கொள்வோம். கூடுதல் 0-க்கு 1 எண், 1-க்கு 2 (01, 10), இப்படியே ஏறி 9-க்கு 10 எண்கள் (09, 18 … 90). அப்புறம் இறக்கம்: 10-க்கு 9, 11-க்கு 8, கடைசியில் 18-க்கு 99 மட்டும்.

3. மூவிலக்கம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுவார்கள், நிதானமாகப் போவோம். முன்னால் ஓர் இலக்கம் சேர்க்கிறோம். அது 0 என்றால் மீதி இரண்டும் சேர்ந்து 13 தர வேண்டும். 1 என்றால் 12. 9 என்றால் 4. ஆகவே ஈரிலக்க வரிசையில் 4 முதல் 13 வரையுள்ள கட்டங்களைக் கூட்டினால் போதும்:

5+6+7+8+9+10+9+8+7+6 = 75

4 முதல் 13 வரை மொத்தம் பத்துக் கட்டங்கள். உங்களுக்கு 79 வந்தால், 3-க்கான கட்டத்தையும் சேர்த்துப் பதினொன்றாகக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 9-க்குக் கீழே போனால் பத்துக் கட்டங்கள் இருக்காது. இல்லாதவற்றைச் சுழியமாகக் கொள்ளுங்கள்.

அடுத்த கூடுதலுக்கு மறுபடி பத்தையும் கூட்ட வேண்டாம். புதிதாக வரும் கட்டத்தைக் கூட்டி, வெளியேறுவதைக் கழித்தால் சரி. 14-க்கு 75+5−5, மறுபடியும் 75. இது தற்செயல் இல்லை. ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்தால் 472 என்பது 527 ஆகும். கூடுதல் 13 என்பது 14 ஆகும். ஆக 13-க்கு எத்தனையோ 14-க்கும் அத்தனை. பாதி வரிசை போட்டாலே போதும். 0 முதல் 13 வரை மொத்தம் 500 வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. அதற்கு மேல். இனி எக்செலுக்கு மாறலாம். மேலே ஒன்பது கட்டங்களைக் காலியாக விட்டு, பக்கத்து நெடுவரிசையின் கடைசிப் பத்துக் கட்டங்களைக் கூட்டும் சூத்திரத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். நான்கு இலக்கத்தில் உச்சம் 18-இல், 670 எண்கள். ஆறு இலக்கத்தில் 27-இல், 55,252. அதே பத்து லட்சத்தில் கூடுதல் 54 தருவது 9,99,999 மட்டும்தான்.

பின்சேர்க்கை: "100 முதல் 999 வரை எண்ணினால் 14-க்கு 70தான் வருகிறதே?" என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். சரியான விடைதான். சுழியத்தில் தொடங்கும் 059, 068, 077, 086, 095 ஐந்தும் போய்விடுகின்றன. 13-க்கு ஆறு போய் 69; 15-க்கு நான்கு போய் அதுவும் 69. முதல் இலக்கம் 1 முதல் 9 வரை மட்டுமே என்பதால் அதன் சராசரி 5 ஆகிறது, உச்சமும் 14-இல் தனியாக நிற்கிறது.

இன்னொருவர் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அது வேறு கணக்கு. 1 முதல் 999 வரை ஒவ்வொன்றும் 111 முறை வரும். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.